நேற்றும் 'ஹேவ்'வும் ஏன் ஒட்டுவதில்லை?

ஆங்கிலம் பேசக் கற்றுத்தரும் வகுப்புகளின் சுவரில் ஓர் அட்டவணை தொங்கும். மேலே இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம் என்று மூன்று. பக்கவாட்டில் சிம்பிள், கன்டினியுவஸ், பெர்ஃபெக்ட், பெர்ஃபெக்ட் கன்டினியுவஸ் என்று நான்கு. ஆக மொத்தம் 12 கட்டங்கள். இந்தப் பன்னிரண்டையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிக்கிறவர்கள் நம்மிடையே ஏராளம். 'கோ, வென்ட், கான்' அவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அப்படிப்பட்டவர்களே வேலைக்கு விண்ணப்பம் எழுத உட்கார்ந்தால் இரண்டாவது வரியில் தடுக்கி விழுகிறார்கள்.

அட்டவணை வினையின் வடிவங்களை வரிசைப்படுத்திக் காட்டுகிறது. எந்தக் கட்டத்துக்கு எப்போது போக வேண்டும் என்பதைச் சொல்வதில்லை. அந்த வெற்றிடத்தை நாம் தமிழைக் கொண்டு நிரப்பிக்கொள்கிறோம். தமிழ் பேசுகிறவர்கள் ஆங்கிலக் காலத்தில் செய்யும் பிழைகளில் பெரும்பாலானவை கவனக்குறைவால் வருபவை என்று நான் நினைக்கவில்லை. தமிழ் இலக்கணம் சரியாக வேலை செய்வதால் வருபவை அவை. அதனால்தான் எத்தனை முறை சிவப்பு மையால் அடித்துத் திருத்தினாலும் மறுபடியும் முளைக்கின்றன.

விண்ணப்பத்தையே எடுத்துக்கொள்வோம். 'ஐ ஹேவ் கம்ப்ளீட்டட் மை டிகிரி இன் 2019' என்று ஒரு வரி. 'ஐ ஆம் வொர்க்கிங் இன் திஸ் கம்பெனி சின்ஸ் 2019' என்று அடுத்த வரி. தமிழில் திருப்பிச் சொல்லிப் பாருங்கள்: '2019-இல் பட்டப்படிப்பை முடித்திருக்கிறேன். 2019 முதல் இந்த நிறுவனத்தில் பணிபுரிகிறேன்.' இதில் எந்தக் குறையும் இல்லை, நல்ல தமிழ். ஆங்கிலத்தில் இரண்டுமே தவறு. வேடிக்கை என்னவென்றால், முதல் வரியில் இருக்கும் 'ஹேவ்' இரண்டாவது வரியில் இருந்திருக்க வேண்டும். முதல் வரி 'ஐ கம்ப்ளீட்டட்' என்று இருக்க வேண்டும். இரண்டாவது 'ஐ ஹேவ் பீன் வொர்க்கிங்' என்றோ 'ஐ ஹேவ் வொர்க்ட்' என்றோ இருக்க வேண்டும்.

'ஹேவ்' சேர்ந்த இந்த வடிவத்துக்குப் பிரசென்ட் பெர்ஃபெக்ட் என்று பெயர். அந்தப் பெயரில் 'பிரசென்ட்' என்று இருப்பது சும்மா இல்லை. அது நிகழ்காலத்தின் ஒரு வகை. நடந்தது பழைய செய்தியாக இருக்கலாம். பேசுகிறவர் நிற்பது இன்றில். இன்றோடு தொட்டுக்கொண்டிருக்கும் ஒரு காலப்பரப்பைத்தான் 'ஹேவ்' காட்டுகிறது. '2019-இல்', 'நேற்று', 'போன வாரம்', 'இரண்டு நாளுக்கு முன்பு' போன்ற சொற்கள் மூடி முத்திரை வைக்கப்பட்ட காலங்கள். அவற்றில் ஒன்றைச் சொன்ன மறுகணம் 'ஹேவ்'வுக்கு அங்கே வேலை இல்லை. '2019 முதல்' என்பதோ இன்றுவரை நீளும் காலம். அங்கே 'ஹேவ்' இல்லாமல் ஆகாது.

'இன்று காலை' என்பதை வைத்து இதைச் சோதித்துப் பார்க்கலாம். காலை பத்து மணிக்குப் பேசுகிறவர், 'ஐ ஹேவ் சீன் ஹிம் திஸ் மார்னிங்' என்று சொல்லலாம். காலை இன்னும் முடியவில்லை. அதே ஆள் மாலை நான்கு மணிக்கு அதே செய்தியைச் சொன்னால் 'ஐ சா ஹிம் திஸ் மார்னிங்' என்றாக வேண்டும். பார்த்த ஆள் அதே ஆள், பார்த்த நேரமும் அதே நேரம். பேசுகிறவரின் கடிகாரம் நகர்ந்துவிட்டது, அவ்வளவுதான். 'எப்போது நடந்தது?' என்று மட்டும் கேட்டுக்கொண்டு ஆங்கிலக் காலத்தைத் தேடினால் ஏன் கிடைக்காது என்பது இங்கே தெரிந்துவிடும். 'எங்கிருந்து பார்த்துச் சொல்கிறேன்?' என்ற கேள்வியும் சேர வேண்டும்.

இன்னொன்று: பாரதியார் 1908-இல் புதுச்சேரிக்குப் போனார், 1918-இல் அங்கிருந்து கிளம்பினார், 1921-இல் மறைந்தார். 'பாரதியார் புதுச்சேரியில் பத்து ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறார்' என்று தமிழில் தாராளமாக எழுதலாம். அதை அப்படியே 'பாரதி ஹேஸ் லிவ்ட் இன் புதுச்சேரி ஃபார் டென் இயர்ஸ்' என்று எழுதினால், ஆங்கிலம் படிக்கிறவர் அவர் உயிரோடு இருப்பதாகவும் இன்றும் புதுச்சேரியில்தான் குடியிருப்பதாகவும் புரிந்துகொள்வார். 'லிவ்ட்' என்ற ஒற்றைச் சொல் போதும். நேர்முகத் தேர்விலும் இதே சிக்கல் உண்டு. 'ஐ வொர்க்ட் தேர் ஃபார் த்ரீ இயர்ஸ்' என்றால் அந்த வேலையை விட்டுவிட்டீர்கள். 'ஐ ஹேவ் வொர்க்ட் தேர் ஃபார் த்ரீ இயர்ஸ்' என்றால் இன்னமும் அங்கேதான் இருக்கிறீர்கள். எதிரே இருப்பவர் இந்த வேறுபாட்டை வைத்தே அடுத்த கேள்வியைக் கேட்பார்.

ஆங்கிலத்தின் இந்தக் கறார்த்தனம் உலக வழக்கம் ஒன்றும் இல்லை. ஜெர்மானியரும் பிரெஞ்சுக்காரரும் 'நேற்று' என்ற சொல்லோடு தங்கள் பெர்ஃபெக்ட் வடிவத்தைக் கூச்சமில்லாமல் சேர்த்துப் பேசுகிறார்கள். ஆங்கிலம் கற்கும்போது அவர்களும் நம்மைப் போலவே இதே இடத்தில் இடறுகிறார்கள்.

தமிழில் ஏன் 'நேற்று' ஒட்டிக்கொள்கிறது? நம் 'இரு' என்ற துணைவினை ஆங்கில 'ஹேவ்'வைவிட அதிகச் சுமை தூக்குகிறது. விடிந்ததும் கதவைத் திறக்கிறீர்கள், தெரு நனைந்திருக்கிறது. 'ராத்திரி மழை பெய்திருக்கிறது' என்கிறீர்கள். மழையை நீங்கள் பார்க்கவில்லை. அடையாளத்தைப் பார்த்து ஊகித்துச் சொல்கிறீர்கள். 'அவர் நேற்றே வந்திருக்கிறார்' என்பதும் அப்படித்தான். 'வந்தார்' என்றால் வந்ததை அறிந்தவர் சொல்வது. 'வந்திருக்கிறார்' என்றால் எனக்கு இப்போதுதான் தெரிய வந்தது என்பது உள்ளே ஒளிந்திருக்கும். ஆங்கில 'ஹேஸ் கம்' இதைச் சொல்லாது. 'இட் ஹேஸ் ரெயின்ட் லாஸ்ட் நைட்' என்று எழுதினால் ஊகம் போய்ச் சேராது, பிழை மட்டும் மிஞ்சும். ஊகத்தைச் சொல்ல 'இட் மஸ்ட் ஹேவ் ரெயின்ட்' என்று வேறு வழியில் போக வேண்டும்.

'போயிருக்கிறார்' இன்னும் சுவையானது. 'அப்பா ஊட்டிக்குப் போயிருக்கிறார்' என்று வாசலில் நிற்பவரிடம் சொன்னால் அப்பா வீட்டில் இல்லை என்று பொருள். 'அப்பா ஊட்டிக்கெல்லாம் போயிருக்கிறார்' என்று பேச்சுவாக்கில் சொன்னால் அப்பா அடுத்த அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கலாம். தமிழ் ஒரே வடிவத்தை வைத்துக்கொண்டு சூழலிடம் வேலையை ஒப்படைக்கிறது. ஆங்கிலம் முதலாவதுக்கு 'ஹேஸ் கான்' என்றும் இரண்டாவதுக்கு 'ஹேஸ் பீன்' என்றும் பிரிக்கிறது. 'ஐ ஹேவ் கான் டு ஊட்டி' என்று ஊட்டியில் இல்லாத ஒருவர் சொல்வது ஆங்கிலக் காதுக்கு விசித்திரமாகக் கேட்பது அதனால்தான். போனவர் எப்படி இங்கே நின்று பேசுகிறார்?

'ஹேவ்' அளவுக்கு இல்லாவிட்டாலும் 'ஹேட்'டும் நம்மை நன்றாகவே அலைக்கழிக்கிறது. 'ஐ ஹேட் கான் டு மதுரை யெஸ்டர்டே' என்ற வாக்கியத்தை அலுவலகங்களில் அன்றாடம் கேட்கலாம். 'நேற்று மதுரைக்குப் போயிருந்தேன்' என்பதன் அச்சு அசல் பெயர்ப்பு அது. தமிழில் 'போனேன்' என்பதற்கும் 'போயிருந்தேன்' என்பதற்கும் வேறுபாடு உண்டு. 'போயிருந்தேன்' என்றால் போய்விட்டுத் திரும்பியும் வந்துவிட்டேன். மேற்கொண்டு ஏதோ சொல்லப்போகிறேன் என்ற குறிப்பும் உண்டு. ஆங்கில 'ஹேட் கான்' அந்த வேலையைச் செய்யாது. அதற்கு இறந்தகாலத்திலேயே இன்னொரு புள்ளி வேண்டும். அதற்கும் முன்னால் நடந்ததை மட்டுமே 'ஹேட்' சொல்லும். 'நேற்று' ஒன்றுதான் இருக்கிறது, வேறு புள்ளி இல்லை என்றால் 'ஐ வென்ட் டு மதுரை யெஸ்டர்டே' என்பதே சரி. 'ஹேட் கான்' என்று கேட்டவர், 'சரி, அதற்குப் பிறகு என்ன நடந்தது?' என்று காத்துக்கொண்டிருப்பார்.

இந்தப் புள்ளிக் கணக்கைத் தெளிவாக வரைந்து காட்டியவர் ஹான்ஸ் ரைஷன்பாக் என்ற ஜெர்மானியத் தத்துவ அறிஞர். 1947-இல் அவர் முன்வைத்த விளக்கத்தில் மூன்று நேரங்கள் வருகின்றன: பேசுகிற நேரம், செயல் நடந்த நேரம், எதை அடிப்படையாக வைத்துப் பார்க்கிறோமோ அந்த நோக்கு நேரம். 'ஐ வென்ட்' என்பதில் நோக்கு நேரமும் செயல் நேரமும் ஒன்று. இரண்டும் கடந்த காலத்தில் கிடக்கின்றன. 'ஐ ஹேவ் கான்' என்பதில் செயல் பழையது. நோக்கு நேரம் பேசுகிற நேரத்தோடு வந்து உட்கார்ந்துகொள்கிறது. 'ஐ ஹேட் கான்' என்பதில் மூன்றும் தனித்தனி: செயல் முதலில், நோக்கு நேரம் பிறகு, பேச்சு கடைசியில். 12 கட்டங்களை மனப்பாடம் செய்வதற்குப் பதில் இந்த மூன்று புள்ளிகளை ஒரு கோட்டில் வைத்துப் பார்க்கப் பழகுவது எவ்வளவோ மேல் என்பது என் கட்சி.

தேர்வுகளில் வரும் ரயில் நிலைய வாக்கியத்தை இதில் பொருத்திப் பார்க்கலாம். 'வென் ஐ ரீச்ட் தி ஸ்டேஷன், தி டிரெயின் ______' என்று கோடிட்ட இடம். விடைத்தாள் 'ஹேட் லெஃப்ட்' என்கிறது. 'லெஃப்ட்' என்று எழுதினால் மதிப்பெண் இல்லை. ஆனால் 'லெஃப்ட்' இலக்கணப் பிழை கிடையாது, கதைதான் வேறு. 'ஹேட் லெஃப்ட்' என்றால் நான் போவதற்குள் ரயில் போய்விட்டது, தண்டவாளம் காலி. 'லெஃப்ட்' என்றால் நான் நடைமேடையில் கால் வைத்த நேரத்தில்தான் அது கிளம்பியது. கடைசிப் பெட்டியைப் பார்த்திருப்பேன். இரண்டில் எதைச் சொல்ல விரும்புகிறார் என்பதை எழுதுகிறவரே அறிவார். கேள்வித்தாள் தயாரித்தவருக்குத் தெரிய வழியில்லை.

இனி நிகழ்காலம். 'சூரியன் கிழக்கே உதிக்கும்' என்பதைத் தமிழ்ப் பிள்ளை 'தி சன் வில் ரைஸ் இன் தி ஈஸ்ட்' என்று எழுதினால் ஆசிரியர் 'ரைசஸ்' என்று திருத்துகிறார். அந்தப் பிள்ளையின் பக்கம் தொல்காப்பியரே நிற்கிறார். முக்காலத்திலும் மாறாமல் இருக்கும் ஒன்றைச் சொல்ல 'செய்யும்' என்ற வாய்பாட்டுச் சொல்லைக் கொள்ள வேண்டும் என்பது அவர் வகுத்த விதி. 'மலை நிற்கும்' என்பது உரையாசிரியர்கள் அதற்குக் காட்டும் எடுத்துக்காட்டு. நாளைக்கு நிற்கப்போகும் மலையை அது சொல்லவில்லை. 'தெரியும்', 'பிடிக்கும்', 'வேண்டும்', 'போதும்' எல்லாம் இந்த வார்ப்பில் வந்தவையே. எதிர்கால விகுதி என்று பள்ளியில் படிக்கும் 'உம்' இவற்றில் எதிர்காலத்தைக் காட்டவே இல்லை. ஆகவே 'தாத்தா தினமும் ஐந்து மணிக்கு எழுந்திருப்பார்' என்பதில் தமிழ் வடிவம் எதிர்காலம்போல் தெரிந்தாலும் ஆங்கிலத்தில் அது சிம்பிள் பிரசென்ட்: 'கெட்ஸ் அப்'. 'வில் கெட் அப்' என்று எழுதினால் நாளைக் காலைக்கான அறிவிப்பாகிவிடும்.

பழைய வழக்கத்தைச் சொல்லும்போதும் நாம் இதே 'உம்' குடும்பத்தைத்தான் அழைக்கிறோம். 'சின்ன வயதில் ஆற்றில் குளிப்போம்.' ஆங்கிலத்தில் இது 'யூஸ்ட் டு'. இதன் முதுகில் ஒரு பிழை சவாரி செய்கிறது: 'வழக்கம்' என்ற பொருளை மட்டும் பிடித்துக்கொண்டு, இன்றைய பழக்கத்துக்கும் 'ஐ யூஸ்ட் டு வாக் டெய்லி' என்று சொல்லிவிடுகிறோம். கேட்டவர், 'ஏன் நிறுத்திவிட்டீர்கள்?' என்று கேட்பார். 'யூஸ்ட் டு' என்றாலே இப்போது இல்லை என்று பொருள்.

'ஐ ஆம் நோயிங்', 'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்' போன்றவற்றின் பழியைத் தமிழின் தலையில் போட முடியாது. 'எனக்குத் தெரிந்துகொண்டிருக்கிறது' என்று எந்தத் தமிழரும் சொல்ல மாட்டார். இது வகுப்பறையில் விளைந்த பிழை என்பது என் ஊகம். 'போகிறேன் என்றால் ஐ ஆம் கோயிங்' என்று முதல் நாளே சமன்பாடு போட்டுத் தந்துவிடுகிறோம். அதன் பிறகு 'கிற' கண்ணில் பட்ட இடமெல்லாம் 'இங்' வந்து ஒட்டுகிறது. 'கிற' தினசரிப் பழக்கத்துக்கும் வரும், இந்த நொடிக்கும் வரும். ஆங்கிலம் அதைப் பிரிக்கிறது. 'ஐ டேக் தி பஸ்' என்றால் வழக்கமாக பஸ்ஸில் போகிறவர். 'ஐ ஆம் டேக்கிங் தி பஸ்' என்றால் இன்றைக்கு பஸ். தெரிதல், உடைமை, விருப்பம் போன்ற நிலைகளைச் சொல்லும் வினைகள் பொதுவாக 'இங்' ஏற்பதில்லை. மெக்டொனால்ட்ஸ் 2003-இல் வெளியிட்ட 'ஐ'ம் லவ்விங் இட்' விளம்பரம் இந்த விதியை வேண்டுமென்றே மீறியது. இப்போது, இந்தக் கடியில், ரசித்துக்கொண்டிருக்கிறேன் என்ற பொருளை அந்த மீறல் தருகிறது. ஆனால் 'ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்' மீறல் அன்று. அங்கே 'ஹேவ்' உண்ணும் செயலைக் குறிக்கிறது.

பள்ளி விடுப்புக் கடிதத்தின் 'ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' பற்றியும் ஒரு வார்த்தை. பலரும் கேலி செய்யும் அந்த வாக்கியத்தில் காலப் பிழை எதுவும் இல்லை. அதன் பின்னால் 'சின்ஸ் யெஸ்டர்டே' சேரும்போதுதான் கெடுகிறது. அங்கே 'ஹேவ் பீன் சஃபரிங்' வேண்டும்.

'இஃப்', 'வென்' வரும் துணை வாக்கியங்கள் எளிது. எதிர்காலத்தைச் சொன்னாலும் அவற்றுக்குள் 'வில்' வராது, சிம்பிள் பிரசென்ட் போதும். 'அவர் வரும்போது சொல்கிறேன்' என்பதன் 'வரும்' நம்மை 'வென் ஹி வில் கம்' என்று இழுக்கும். 'வென் ஹி கம்ஸ்' என்பதே சரி. 'வந்தால்' என்பதில் தமிழே காலத்தைக் காட்டுவதில்லை. அந்த வகையில் 'இஃப்' நமக்குக் கடினமாக இருக்கக் கூடாது.

செய்தித்தாள் படிக்கிறவர்களை அதிகம் குழப்புவது 'என்று'. 'நாளை வருகிறேன் என்று சொன்னார்' என்பதில் தமிழ் அவருடைய வாயிலிருந்து வந்ததை அப்படியே எடுத்து வைக்கிறது. காலமும் அவருடையது, 'ஏன்' விகுதியும் அவருடையது. ஆங்கிலம் இரண்டையும் அதை நமக்கு எடுத்துச் சொல்கிறவரின் இடத்துக்கு இழுத்துவிடுகிறது: 'ஹி செட் ஹி வுட் கம் தி நெக்ஸ்ட் டே'. 'செட்' இறந்தகாலம் என்பதால் 'வில்' பின்னுக்கு நகர்ந்து 'வுட்' ஆகிறது. 'அமைச்சர் பாலம் திறக்கப்படும் என்றார்' என்ற செய்தி ஆங்கில நாளிதழில் 'வுட் பி ஓபன்ட்' என்று வரும்போது, 'திறக்கலாம், திறக்காமலும் போகலாம்' என்று நம்மில் பலர் படிக்கிறார்கள். அந்த 'வுட்'டில் சந்தேகம் எதுவும் இல்லை. அமைச்சர் 'வில்' என்றுதான் சொல்லியிருப்பார். (பாலம் திறக்குமா என்பது வேறு விஷயம்.) சொன்னது இன்னும் உண்மையாக இருந்தால் நகர்த்தாமலும் விடலாம்: 'ஹி செட் ஹி இஸ் கமிங் டுமாரோ' என்பதை இன்றைக்கே சொல்லும்போது யாரும் தவறென்று சொல்ல மாட்டார்கள்.

எதிர்காலத்தில் நமக்குத் தொல்லை குறைவு. 'நாளைக்கு ஊருக்குப் போகிறேன்' என்று நாம் நிகழ்காலத்தில் சொல்வதுபோலவே அவர்களும் 'ஐ ஆம் கோயிங் டுமாரோ' என்கிறார்கள். 'இந்நேரம் வீட்டுக்குப் போயிருப்பார்' என்பதும் 'ஹி வில் ஹேவ் ரீச்ட் ஹோம் பை நவ்' என்பதும் அச்சில் வார்த்ததுபோல் பொருந்துகின்றன. இரு மொழிகளிலும் எதிர்கால வடிவம், இரு மொழிகளிலும் பொருள் ஊகம். வினைச்சொல்லின் வடிவத்தை மட்டும் எண்ணினால் ஆங்கிலத்துக்கு இரண்டே காலங்கள், இறந்தகாலமும் அல்லாததும். 'வில்' என்பது 'கேன்', 'மே' போன்ற ஒரு துணைவினை என்று வாதிடும் இலக்கண அறிஞர்கள் பலர் இருக்கிறார்கள். அட்டவணையின் எதிர்காலப் பத்தி அவர்களுக்கு ஏற்புடையதில்லை.

எதிர்காலத்தில் தமிழும் ஆங்கிலமும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. கீழே நிற்பவர் கூப்பிடுகிறார். மாடியில் சட்டை மாட்டிக்கொண்டிருப்பவர், 'இதோ வந்துவிட்டேன்' என்று குரல் கொடுக்கிறார். இன்னும் படியில்கூட இறங்கவில்லை. வராததை வந்ததாகச் சொல்லும் இதற்கும் தொல்காப்பியத்தில் விதி இருக்கிறது: விரைவைக் காட்ட, எதிர்காலத்துக்கும் நிகழ்காலத்துக்கும் உரியதை இறந்தகாலத்தால் சொல்லலாம். நன்னூல் விரைவோடு மிகுதி, தெளிவு, இயல்பு என்று இன்னும் சில காரணங்களைச் சேர்க்கிறது. ஆங்கிலத்தில் 'ஐ ஹேவ் கம்' என்று மாடியிலிருந்து கத்தினால் கீழே நிற்பவர் திரும்பிப் பார்ப்பார். அங்கே 'கமிங்' என்றுதான் குரல் கொடுக்க வேண்டும். அவர்களும் இறந்தகாலத்தைக் காலம் கடந்து பயன்படுத்துகிறார்கள், விரைவுக்காக இல்லை, பணிவுக்காக. 'ஐ வான்டட் டு ஆஸ்க் யூ சம்திங்' என்பவர் இப்போதுதான் கேட்க நினைக்கிறார். 'ஓர் உதவி கேட்கலாம் என்று வந்தேன்' என்று நாம் தயங்கி நிற்பதற்கு அது வெகு அருகில் வருகிறது.

கடைசியாக, எந்த ஊர் ஆங்கிலம் என்பதையும் கவனிக்க வேண்டும். 'சாப்பிட்டாயிற்றா?' என்பதற்கு பிரிட்டிஷ்காரர் 'ஹேவ் யூ ஈட்டன்?' என்பார். அமெரிக்கர் பேச்சில் 'டிட் யூ ஈட்?' என்பதும் 'ஐ ஆல்ரெடி ஏட்' என்பதும் சர்வசாதாரணம். அமெரிக்கத் தொடர்களைப் பார்த்து ஆங்கிலம் கற்ற பிள்ளை 'ஆல்ரெடி ஏட்' என்று எழுதினால், பிரிட்டிஷ் வழக்கைப் பின்பற்றும் நம் பாடப்புத்தகப்படி அது பிழை. பள்ளித் தேர்வில் 'ஹேவ்' போட்டுவிடுவது பாதுகாப்பு. அமெரிக்க அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுதும்போது இரண்டும் செல்லும்; அங்கேயும் 'நேற்று' பக்கத்தில் 'ஹேவ்' மட்டும் செல்லாது.